புஷ்பராணி விட்டுவைத்த கட்டங்கள்

மூளை என்று சொன்னது என் முட்டாள்தனம்தான். கொம்பியூட்டர் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீவிப் பெட்டி என்று ஒரு சின்னப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். என் மடியில் ஒரு பெரிய பெட்டி, அதைச் சுற்றி என் மனைவியின் பூப்போட்ட படுக்கை விரிப்பு, விரிப்பின் கிழிசல் வழியே தொங்குகிற வயர். வருஷமோ, பஸ் சீட்டில் உரிமையாளர் இல்லாமல் ஒரு சோற்றுப் பார்சல் கிடந்தாலே குண்டென்று சனம் ஜன்னலால் குதிக்கிற வருஷம். தெல்தோட்டைக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் ஏறிய ஆமிக்காரர் "இதென்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களப் புலமையையும் நகைச்சுவை உணர்வையும் ஒரே வசனத்தில் காட்டிவிட ஆசைப்பட்டு, "மூளை, சேர். தலையில் இல்லாதபடியால் கையில் கொண்டுபோகிறேன்" என்றேன்.

பஸ் முழுவதும் இறக்கப்பட்டது. நடு வீதியில் குந்தியிருந்து, அந்தப் பெட்டியின் ஒவ்வோர் ஆணியாக நானே கழற்றிக் காட்டினேன். ஒன்றேகால் மணித்தியாலம். கூடையில் இரண்டு கோழிகளோடு நின்ற ஓர் அம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மூளையாம் மூளை! அத ஒன் தலையில வைக்காம மடியில வச்ச சாமியச் சொல்லணும்."

இந்தக் கதையைத்தான் இத்தனை வருஷமாக எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிவருகிறேன். சிரிப்பார்கள், கை தட்டுவார்கள், நான் கீழே இறங்கித் தேத்தண்ணீர் குடிப்பேன். போன மாதம், தொண்டு நிறுவனங்களுக்குக் கணினி வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற இளம் ஆட்கள் சிலர் வீட்டுக்கு வந்து, "அங்கிள், உங்கட அனுபவத்த எழுதித் தாங்க" என்றார்கள். கூடவே போனில் ஒரு படிவமும் அனுப்பினார்கள். பெயர், வயது, பிறந்த இடம் என்று வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரம். ஒன்றை நிரப்பாவிட்டால் அடுத்ததற்குப் போக விடாது. பிறந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஆகவே இம்முறை மூளைக் கதையோடு இறங்கிப் போக எனக்கு வழியில்லை.

என் தகுதிகளைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. கண்டி டவுனில் பிறந்தவன். தாத்தா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி, அப்பா துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. நானோ லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்து வளர்ந்த மலையகத் தமிழன். கொழும்பில் ஆறு மாதம் கணினிப் படிப்பு. பிறகு பேராதனையில் ஒரு கந்தோரின் கணினிப் பிரிவில், குளிரூட்டிய அறையில், ஓய்வுபெறும்வரை. மெஷினுக்குத்தான் குளிரூட்டி. நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதற்குச் சேவகம் செய்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் தொண்டர் வழிகாட்டித் திட்டம் ஒன்று கண்டிக்கு வந்தது. கணினி தெரிந்த ஓர் ஆள், ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள். இவ்வளவுதான் ஒப்பந்தம். எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் ஒரே ஒரு விதியைத்தான் சொன்னார்: "கை பின்னால். நீங்கள் ஒரு நாள் கீபோர்டைத் தொட்டால், அதற்குப் பிறகு அவர்கள் தொடவே மாட்டார்கள். சொல்லிக்கொடுங்கள், காத்திருங்கள், பிழைவிட விடுங்கள்." நான் அதைப் பக்தியோடு கடைப்பிடித்தேன். சனிக்கிழமைகளில் நான் நிற்கும் கோலத்தைப் பார்த்தால், விலங்கு மாட்டிய கைதி ஒருவன் கணினி கற்பிக்கிறான் என்றுதான் நினைப்பீர்கள்.

முதல் வருஷம் எனக்குக் கிடைத்தது ஓர் இரத்த தானச் சங்கம். தானம் செய்பவர்களின் பட்டியலை மெஷினில் ஏற்றினோம். ஒரு நாள் பின்னேரம் பேராதனை ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அரிதான ஒரு வகை இரத்தம் தேவைப்பட்டது. எங்கள் மெஷின் ஒரு நொடியில் ஒரு பெயரைக் காட்டியது. முகவரி இருக்க வேண்டிய கட்டம் மட்டும் வெறுமை. "அவரு நம்ம ஆளு, தெரிஞ்சவருதானே" என்று பதிந்தவர் விட்டிருந்தார். தெரிந்தவர்தான், ஆனால் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு மணித்தியாலம் ஊரெல்லாம் ஓடி, கடைசியில் அவரைப் படம் ஓடுகிற தியேட்டருக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்தோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன்: இனி என் கை படுகிற எந்த மெஷினிலும் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது.

நல்ல எண்ணத்தோடு எடுத்த சபதம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; வேறு சாட்டு என்னிடம் இல்லை.

இரண்டாம் வருஷம் என்னை அனுப்பிய இடம், கண்டி டவுனில் ஓர் ஆணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்த ஒரு நிலையம். தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுப்பதே அவர்களுடைய வேலை. கலவரங்களில் லயங்கள் எரிந்தபோது பத்திரங்களும் எரிந்தன. பலருக்குப் பிறந்தபோது பதியவே இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாத தமிழ் இளைஞன் அந்த வருஷங்களில் சீனி வாங்கக் கண்டிக்கு வந்தாலும், வீடு திரும்புவது சாவடியில் நிற்பவருடைய மனநிலையைப் பொறுத்த விஷயம்.

நிலையத்தின் தலைவர் அருளம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீடு எரிந்தும் கண்டியை விட்டுப் போகாதவர். அவர் கடிதம் வாசிக்கிற விதத்தை நான் இன்றும் நடித்துக் காட்டுவேன். மேசையில் கடிதத்தை வைத்து, ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே பிடிப்பார். வரி முடிந்தால் அடிமட்டம் ஒரு வரி இறங்கும். இடையில் யார் வந்தாலும் நிமிர மாட்டார். கடைசிக் கையொப்பத்துக்குக் கீழே அடிமட்டம் போன பிறகுதான், "ஓம், சொல்லுங்கோ தம்பி" என்பார். அவருடைய கந்தோரிலிருந்து ஒரு தாள் வெளியே போவதென்றால், வாங்குகிறவர் கார்பன் பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அமைச்சராக இருந்தாலும் சரி, முட்டைக்காரராக இருந்தாலும் சரி. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிடிக்காவிட்டால் "பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" வந்துவிட்டால் காரியம் செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

மெஷினில் விபரம் பதிந்தவள் புஷ்பராணி. தெல்தோட்டைப் பக்கத் தோட்டத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரி. ஒரு தடவை சொன்னால் போதும். என் கைகள் பின்னால் சோம்பேறியாகத் தொங்கியதற்கு அவள்தான் காரணம். மூன்று மாதத்தில் விண்ணப்பப் படிவங்களை அவளே அச்சடித்தாள். அட்டை வந்துவிட்டால் ஆளைக் கூப்பிடும் கடிதத்தை மெஷின் தானாக அடிக்கிற மாதிரியும் செய்துவைத்தாள்.

பிறகு நான் அந்தக் கட்டங்களைக் கண்டேன். முப்பத்தொரு பேருக்குப் பிறந்த இடம் வெறுமை. அச்சடித்த படிவத்திலும் அந்த இடம் வெள்ளையாகவே வரும். புஷ்பராணி அதை நீலப் பேனையால் நிரப்பி அனுப்புவாள். தாள் கொழும்புக்குப் போய்விடும். மெஷினில் ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு இரத்த தானச் சங்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம், சத்தமாகக் கேட்டேன்:

"என்ன புஷ்பராணி, இந்த முப்பத்தொரு பேரும் பொறக்கவே இல்லையா? ஆகாயத்துல இருந்து நேரா லயத்துக் கூரையில விழுந்தாங்களா? அதான் தகரமெல்லாம் ஒழுகுதோ?"

கந்தோரே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெரப்பிர்றேன் சேர்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை, வெறுமை. அதற்கடுத்த சனிக்கிழமையும். "என்னம்மா இது?" என்றால், "மறந்துட்டேன் சேர்." நான் சொன்ன எதையும் மறக்காதவள் இதை மட்டும் மறந்தாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வாரம் கையை முன்னால் எடுத்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வழிகாட்டிக் கதிரையிலிருந்து எழும்பி கீபோர்டில் உட்கார்ந்து, பதினைந்து வரி எழுதினேன். இனிப் பிறந்த இடத்தை நிரப்பாமல் மெஷின் அசையாது. வெறுமையாக விட்டால் 'பீப்' என்று கத்தி, திரையில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி கேட்கும்: 'எங்கே பிறந்தீர், ஆகாயத்திலா?' என் நகைச்சுவையை மெஷினுக்கும் பழக்கிவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம். புஷ்பராணி ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் போட்டுப் பார்த்தாள். பீப். ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். பீப். அதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து அடைத்திருந்தேன்.

பின்னேரத்துக்குள் முப்பத்தொன்றும் நிரம்பிவிட்டன. ஒருவரையும் கேட்கவில்லை, ஒரு தாளையும் பார்க்கவில்லை. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வவுனியா, கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், வவுனியா. "பாத்தியா, தெரியும்தானே?" என்று கேட்டு, மறுபடியும் சிரித்தேன்.

அந்த முப்பத்தொரு பேர் யார் என்பதை நானும் அறிந்தவன்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கி, மலையை விட்டு வடக்கே வன்னிக்கு ஓடிக் காடு வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள். அங்கேயும் சண்டை வந்ததும், சொந்தக்காரர்களின் லயங்களுக்கே திரும்பி வந்தவர்கள். இங்கே தமிழன் என்று துரத்தப்பட்டவனின் மகன், இங்கே திரும்பி வந்தால் வடக்கத்தியான்; சாவடியில் நிற்பவருக்குப் புலி. இதைப் பற்றி நான் மேடையில் உருக்கமாகப் பேசியும் இருக்கிறேன். ஆனால் கட்டத்துக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு என் படித்த மண்டையில் ஏறவில்லை.

சில மாதங்கள் போயின. எங்கோ ஒரு குண்டு வெடித்தது. குண்டு எங்கே வெடித்தாலும் கண்டியில் தமிழர் வீட்டுக் கதவுகள் தட்டப்படும். அது அப்போதைய வழக்கம். ஒரு சனிக்கிழமை காலை பொலிஸ் அதிகாரி ஒருவர், இரண்டு பேரோடு படியேறி வந்தார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். வடக்கில் பிறந்து இந்தப் பக்கத்தில் தங்கியிருப்பவர்களின் பட்டியல் வேண்டும் என்றார்.

அருளம்பலம் ஐயா நல்ல சிங்களத்தில், எழுத்தில் கேட்டால் எழுத்தில் தருவோம் என்றார். அதிகாரி கோபப்படவில்லை; போய்விட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முத்திரை குத்திய கடிதத்தோடு வந்தார். ஐயா அடிமட்டத்தை எடுத்தார். வரி வரியாக இறங்கினார். பொலிஸ்காரர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"சரி. ஒழுங்கான கடிதம்" என்றார். "புஷ்பராணி, பிரின்ட் எடும் பிள்ளை."

புஷ்பராணி எழும்பினாள். மெஷினை விட்டு இரண்டு அடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு அது தெரியாதுங்க ஐயா."

அவளுக்குத் தெரியும். நானே சொல்லிக்கொடுத்தது. பொலிஸ் உடுப்பைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். "இந்த மெஷினுக்கு அது முடியுமா?" என்று கேட்டார். மெஷினைப் பற்றி யாராவது அப்படிக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. உட்கார்ந்தேன். மூன்று நிமிஷம். பிறந்த இடத்தின்படி வரிசைப்படுத்தி, லயத்து நம்பரோடு, வேலை செய்கிற இடத்தோடு, இரண்டு பக்கம். பிரின்டர் கிரீச்சிட்டு முடித்ததும், "எங்கள் ஸ்டேஷனில் இதற்கு மூன்று நாள் எடுக்கும்" என்று அதிகாரி ஆச்சரியப்பட்டார். "அதனால்தான் சேர் நீங்கள் இங்கே வந்தீர்கள்" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஐயா கார்பன் பிரதியை நீட்டி, திகதியும் பதவியும் போட்டுக் கையெழுத்து வாங்கினார்.

அந்த வாரத்துக்குள் பத்தொன்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டுப் பேர் சில நாட்களில் திரும்பி வந்தார்கள், சிலர் நொண்டிக்கொண்டு. ஓர் ஆள் மட்டும் வரவில்லை. செல்வராசா. குண்டசாலையில் தளபாடப் பட்டறை ஒன்றில் மேசை கதிரைக்குப் பொலிஷ் அடிக்கிறவன்; புஷ்பராணியின் பெரியம்மா மகன். அதற்கடுத்த சனிக்கிழமை அவளே வந்து செய்தி சொன்னாள். மெஷின் மேசையின் சாவியை ஐயாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் என்ன செய்தேன்? முப்பத்தொரு கட்டங்களையும் அழித்தேன். அலுமாரியில் இருந்த புளொப்பிகளையெல்லாம் எடுத்துப்போய், ஆணிக்கடைக்குப் பின்னால் தகர வாளியில் போட்டுக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் நாற்றத்தில் கண் எரிய நான் நின்றபோது ஐயா இறங்கி வந்து பார்த்தார்.

"குடுத்த தாள் அவையிட்டை இருக்கு, தம்பி" என்றார். வாளியைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் முப்பது வருஷம் கவர்ண்மேந்துக்குப் பைல் பிடிச்சவன். எழுத்தில கேட்டா எழுத்தில குடுக்கிறது. அதுக்கு மேல நான் யோசிக்கேல்லை."

செல்வராசாவைத் தேடி ஐயா பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அப்படி ஒரு பட்டியலும் இல்லை, அப்படி ஓர் ஆளும் இல்லை என்றார்கள். ஐயா அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். ஞாயிறு தவிர எல்லாக் காலையிலும், இஸ்திரி போட்ட ஷேர்ட்டோடு, அந்தக் கார்பன் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த நீள மர வாங்கில் போய் உட்கார்ந்திருப்பார். லீவு எடுக்க முடிந்த நாட்களில் நானும் போவேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மாற்றலாகி வந்த பெரிய அதிகாரி ஒருவர் அந்தப் பிரதியில் இருந்த கையெழுத்தை அடையாளம் கண்டார். பட்டியல் இல்லை என்று அதன்பிறகு சொல்ல முடியவில்லை. செல்வராசா தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருப்பது தெரியவந்தது. பட்டியலைக் கொடுக்க வைத்த அதே கச்சேரிப் பழக்கம்தான் ஆளைத் தேடியும் பிடித்தது. எது எதற்கு ஈடு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. வழக்கறிஞர், மனு, நான் எழுதிய சத்தியக் கடதாசிகள் எல்லாம் சேர்ந்து, அவன் வெளியே வரப் பதினான்கு மாதம் ஆனது.

இடையில், அவன் உள்ளே போன நான்காம் மாதம், அவனுடைய அடையாள அட்டை தபாலில் வந்தது. நாங்கள் அமைத்த முறை அருமையாக வேலை செய்தது. மெஷின் தானாகவே கடிதம் அடித்தது: 'தங்கள் அட்டை கிடைத்துள்ளது. தாங்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

விடுதலையான பிறகு நேரில் வந்தான். என் ஒப்பந்த வருஷம் முடிந்தும் நான் அங்கே போயிருந்த ஒரு சனிக்கிழமை. மெலிந்த, உயரமான ஆள். அட்டையை வாங்கப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையை வலது கையில் எடுத்தான். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பேனையை இடது கைக்கு மாற்றினான். அருளம்பலம் ஐயா பதிவேட்டை அவனுடைய இடது பக்கத்துக்குத் திருப்பிவைத்து, நழுவாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் வாய்க்குள் வழக்கம்போல ஏதோ ஒரு பகிடி வந்து நின்றது. என்ன பகிடி என்று இப்போது ஞாபகமில்லை. வந்தது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

"தம்பி, அது என்னோட பிழை" என்றேன். அவன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐயாவுக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கினான். திரும்பப் பொலிஷ் வேலைக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகும் வழிகாட்டியாக இருந்தேன். ஒன்பது நிறுவனங்கள். பாராட்டுப் பத்திரங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் என் பெயர் பிழையாக இருக்கிறது. 'இந்த விபரம் எதற்கு? பிழையான கையில் போனால் என்ன நடக்கும்?' என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்கப் பழகினேன். தொல்லை பிடித்த மனிதன் என்று பெயரும் எடுத்தேன். இளம் ஆட்களே, உங்கள் சிவப்பு நட்சத்திரத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதைப் போட்டவன் வீட்டுக்குப் போய்விடுவான், நிரப்பியவள் அங்கேயே இருப்பாள்.

இதை எழுதுவதற்கு முன் புஷ்பராணியைத் தேடிப்போனேன். குண்டசாலையில் வீட்டோடு சேர்த்து ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். ஐம்பது தாண்டிவிட்டது. "வாங்க சேர், உக்காருங்க" என்று கதிரை எடுத்துப் போட்டாள், பிளேன்டீ தந்தாள். பேரப்பிள்ளை படம் காட்டினாள். அருளம்பலம் ஐயா காலமான செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தது. செல்வராசா இப்போது சவூதியில் இருக்கிறான் என்றாள்.

இத்தனை வருஷமாக என் மனதில் ஒரு கேள்வியும் அதற்கு நானே வைத்திருந்த ஒரு பதிலும் இருந்தன. நான் எல்லார் முன்னாலும் கேலி பண்ணியபடியால்தான் அவள் வாயைத் திறக்கவில்லை என்பது என்னுடைய பதில். அதைச் சொல்லி அவள் என்னைத் திட்ட வேண்டும், நான் தலையைக் குனிந்து கேட்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:

"புஷ்பராணி, அவங்க வன்னியில பொறந்தவங்க, எழுதி வச்சா ஆபத்துன்னு அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

அவள் தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா அதையும் எழுதி வச்சிருப்பீங்க சேர்."